முழு எடை

தலையசைத்தது அவனைப் பார்த்து இல்லை. ஆனால் இனி அதைச் சொல்ல முடியாது. இந்த டாங்கோ வகுப்பில் யாரும் யாரையும் வாயால் கூப்பிடுவதில்லை. ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பார்க்க வேண்டும், எதிரே இருப்பவர் கண்ணை விலக்கவில்லை என்றால் லேசாகத் தலையை அசைக்க வேண்டும், எழுந்து வந்துவிடுவார்கள், அதுதான் வழக்கம். தில்லைக்கரசி பார்த்தது தமயந்தியை, இங்கே பெண்ணும் பெண்ணும் ஆடுவதுண்டு. எழுந்து வந்தது தமயந்தியின் புருஷன் தனசேகர். பக்கத்துப் பக்கத்து நாற்காலி, இருபதடி தூரம், மூக்குக் கண்ணாடியை வேறு கழற்றிப் பைக்குள் வைத்தாயிற்று, பார்வை ஒரு விரற்கடை தள்ளி விழுந்திருக்கிறது, அதற்குள் அவன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தபடி வருகிறான். கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறவன். முகத்தில் எந்நேரமும் கல்யாண வீட்டு மாப்பிள்ளைத் தோழன் மாதிரி ஒரு சிரிப்பு. போடா போ, உன்னை யார் கூப்பிட்டது, உட்கார் என்று சொல்ல வாய் துடித்தது. சொல்ல முடியாதே. மூன்று பாட்டு சேர்ந்தது ஒரு தாண்டா. ஒருவரோடு ஆரம்பித்தால் மூன்றையும் ஆடி முடிக்க வேண்டும், நடுவில் விட்டுப் போவது பந்தியில் பாதிச் சோற்றில் எழுந்திருப்பதற்குச் சமம். மூன்று பாட்டு என்றால் எட்டு நிமிஷம், ஒன்பது நிமிஷம். இன்றைய வகுப்பில் மிலோங்கா என்கிற வேக ஆட்டத்துக்கு இது ஒன்றுதான் மிச்சம். வந்ததும் வராததுமாக அவன் எல்லோரிடமும் சொல்லிவிட்டான், அடுத்த வாரத்திலிருந்து நாங்க வரலை, இவளுக்கு ஏறவே மாட்டேங்குது, நிறுத்திடறோம் என்று. அதைக் கேட்டதிலிருந்து தில்லை தமயந்தியின் கண்ணைத் தேடிக்கொண்டே இருக்கிறாள். ஏனென்றால் அந்தப் பெண்ணிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஒரே ஒரு கேள்வி. அதைக் கேட்கிற இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், இந்த அணைப்புக்குள், கன்னத்தோடு கன்னம் ஒட்டி, காதுக்கு அரையங்குலத்தில் வாய் இருக்கிறபோது. மற்ற நேரமெல்லாம் தனசேகர் கூடவே இருக்கிறான், கொண்டுவந்து விடுகிறான், கொண்டுபோகிறான், தண்ணீர்ப் பாட்டிலைக்கூட அவன்தான் திறந்து கொடுக்கிறான்.

போன ஞாயிற்றுக்கிழமைதான் பார்த்தாள். மே மாதத்துப் பாண்டிச்சேரியில், கடல் பக்கத்திலேயே இருந்தும் ஒரு இலை அசையாத சாயங்காலம் நாலு மணிக்கு, தமயந்தி முழுக்கைச் சுடிதார் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். சரி, வெயிலில் கறுத்துவிடும் என்று பயப்படுகிற பெண் போலிருக்கிறது என்று நினைத்தாயிற்று. பிறகு அவள் அணைப்புக்காக இடது கையை ஒருவர் தோள்மேல் தூக்கியபோது சுடிதார்க் கை வழுக்கி முழங்கைவரை இறங்கியது. உள்பக்கம், வெளுத்த சதையில், வரிசையாக நாலு. நாலு விரல். நடுவில் பச்சை, ஓரத்தில் மஞ்சள். தில்லை பதினாறு வருஷமாக எக்ஸ்ரே எடுக்கிறவள், இப்போது ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். கன்றிப்போன சதை சிவப்பிலிருந்து கருநீலம், கருநீலத்திலிருந்து பச்சை, பச்சையிலிருந்து மஞ்சள் என்று போகிற வரிசை அவளுக்குக் கிழமைகள் மாதிரி மனப்பாடம். பாதியை ஆஸ்பத்திரியில் படித்தாள், பாதியை வீட்டில். ஆறு நாள், ஏழு நாள் பழசு என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. போட்டுவிட்டு என்ன செய்தாள்? ஒன்றும் செய்யவில்லை. வீட்டுக்குப் போய் ரசம் வைத்துச் சாப்பிட்டுத் தூங்கினாள். அந்த ஒரு வாரத்துத் தூக்கம் இப்போது அவளைக் குத்துகிறது. பாட்டு ஆரம்பித்துவிட்டது. தனசேகரின் வலது கை அவள் முதுகைச் சுற்றி வந்தது, இடது கை அவள் வலது கையை வாங்கிக்கொண்டது, நெஞ்சோடு நெஞ்சு ஒட்டியது, அவனுடைய ஆஃப்டர்ஷேவ் வாசனை மூக்கில் ஏறியது. இவர்கள் வந்த முதல் வகுப்பில் இந்தப் பிடிக்கு அணைப்பு என்று பெயர் சொன்னபோது இவன்தான் ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி, "அடிக்கிற கைதானே சார் அணைக்கும்!" என்று ஒரு போடு போட்டான். எல்லோரும் சிரித்தார்கள். தமயந்தி எல்லோருக்கும் ஒரு நொடி முன்னாலேயே சிரித்துவிட்டாள். அவன் சொல்லி முடிக்கும் முன்பே சிரித்தாள். அன்றைக்கே காது கொடுத்திருக்க வேண்டும்.

ஒன்று இரண்டு, ஒன்று இரண்டு, மிலோங்காவில் நின்று மூச்சு விட இடம் கிடையாது, டாங்கோ மாதிரி நிறுத்தி நெட்டுயிர்த்து அழகு காட்டுகிற சமாசாரமெல்லாம் இல்லை, நாய் துரத்துகிற மாதிரிதான், ஆண் முன்னால் நடக்க வேண்டும், பெண் பின்னால் போக வேண்டும். அவளுக்குத் தெரியாததா? பதினாலு மாதத்துக்கு முன்னால் இந்த மாடிப்படிக்குக் கீழே ஒட்டியிருந்த காகிதத்தில் 'பின்னால் நடக்கத் தெரிந்தால் போதும், மற்றதை நாங்கள் சொல்லித்தருகிறோம்' என்று போட்டிருந்ததைப் படித்துவிட்டுத் தெருவில் நின்று தனியாகச் சிரித்தவள் அவள். பதினோரு வருஷம் ஒரு சமையலறையில் பின்னால் நடந்து பழகியவள். அடுப்பு மேடை இடுப்பில் இடிக்கிறவரை ஏழு அடி. அதற்குப் பிறகு போக இடமில்லை. அந்தப் புருஷன் பெயர் கருணாகரன். பெயர் வைத்தவர்கள் கண்ணில் பட்டால் இரண்டு வார்த்தை கேட்க வேண்டும். கருணாகரன் கையை ஓங்கினபிறகு விலகினால் நேரம் கடந்துவிடும் என்பதை முதல் வருஷம் கற்றுக்கொண்டாள். இரண்டாவது வருஷம் தோளைப் பார்க்கக் கற்றுக்கொண்டாள். மூன்றாவது வருஷத்தில் நெஞ்சு. அடிக்கப் போகிற மனுஷனின் நெஞ்சில் மூச்சு ஒரு இடத்தில் நிற்கும், விலா எலும்புக்கூடு கொஞ்சம் அகலும், அப்புறம்தான் தோள், அப்புறம்தான் கை. அந்த மூச்சு நின்ற இடத்திலேயே நகர்ந்துவிட்டால் கன்னத்தில் விழ வேண்டியது காதோரம் போகும். காதோரம் போனால் லாபம். "இன்னிக்குக் குறி தப்பிடுச்சா?" என்று மாமியார் ஒரு தரம் கேட்டாள், தேங்காய் துருவிக்கொண்டே. அடியாத மாடு படியாது என்பது அவளுக்கு வேதம். "மா, முந்தறீங்க," என்றது பக்கவாட்டிலிருந்து ஒரு குரல். அந்துவான். இருபது வருஷம் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு குருசுக்குப்பத்துக்குத் திரும்பிவந்த சொல்தா, பிரான்ஸின் துலூஸில் கற்றுக்கொண்ட ஆட்டத்தைச் சொந்த வீட்டு மாடியில் சொல்லித்தருகிறார், எல்லோரும் பாதிக் கிண்டலும் பாதி மரியாதையுமாக முசியே என்று கூப்பிடுகிறார்கள். "அவர் கேக்கட்டும்மா, அப்புறம் நீங்க பதில் சொல்லுங்க. கேள்வி வர்றதுக்கு முன்னாடியே பதில் சொன்னா அது என்ன டான்ஸ்? காத்திருங்க."

காத்திருங்க. இந்த ஒரு வார்த்தையைப் பதினாலு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், நல்ல மனுஷன், அவர் மேல் குற்றமில்லை. மிலோங்காவில் திராஸ்பியே என்று ஒரு அடி இருக்கிறது, இடறி விழப் போய்ச் சமாளித்துக்கொள்கிற மாதிரி. காலை எடுத்து வைப்பது போல வைக்க வேண்டும், ஆனால் உடம்பின் எடையை அதில் முழுசாக இறக்கிவிடக் கூடாது, பாதி எடை, அரைத் தாளம், உடனே பழைய காலுக்குத் திரும்ப வேண்டும். தில்லைக்கு மட்டும் அது வருவதில்லை. கால் வைத்தால் முழு எடையையும் இறக்கிவிடுகிறாள், இறக்கி ஓடிவிடுகிறாள், ஆணுடைய நெஞ்சில் ஒரு மயிரிழை அசைவு தெரிந்தாலே அவள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தாயிற்று. பாதியில் நிற்பவள் அடி வாங்குவாள் என்று உடம்பு நினைக்கிறது, அதனிடம் யார் போய்ச் சொல்வது. தமயந்திக்கும் அதேதான். இரண்டு வாரத்துக்கு முன்னால் முசியே இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தித் தலையில் கை வைத்துக்கொண்டார். "ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி. எட்டு வருஷமா சொல்லிக்குடுக்கறேன், வேற யாருக்கும் பாத்ததில்ல. இது எங்கேருந்து வருதுன்னு எனக்குப் புரியல." தமயந்தி தரையைப் பார்த்தாள். தில்லை தமயந்தியைப் பார்த்தாள். அப்போது தெரிந்ததா, போன வாரம் அந்த நாலு விரலைப் பார்த்தபோது தெரிந்ததா, இல்லை அந்தச் சிரிப்பிலேயே தெரிந்துபோய் அதைப் பானைக்குள் போட்டு மூடி வைத்திருந்தாளா? ஒருவேளை அவன் அப்படிப்பட்டவன் இல்லையோ? பஸ் கம்பியில் இடித்துக்கொண்டிருக்கலாம். பஸ் கம்பிக்கு நாலு விரல் ஏது? முதல் பாட்டு முடிந்தது. அணைப்பை விடாமல் தனசேகர், "நீங்க நல்லாத்தான் ஆடறீங்க மேடம், அவர் சும்மா குத்தம் கண்டுபிடிக்கறாரு," என்றான். மூக்குக்குக் கீழே அவன் வியர்வைத் துளி மூன்று. எதிர் நாற்காலியில் தமயந்தி புருஷனுடைய கைக்குட்டை, சாவி, செல்போன் மூன்றையும் மடியில் வைத்துக்கொண்டு கோயில் வாசலில் செருப்புக் காக்கிறவள் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்.

இரண்டாவது பாட்டு வேகம். அவன் திராஸ்பியேவுக்கு நெஞ்சைக் கொடுத்தான், அவள் முந்தினாள், முழு எடை, தப்பு. அவன் கட்டை விரல் அவள் முதுகெலும்புக்குப் பக்கத்தில் அழுந்தியது. தற்செயலாக இருக்கலாம். இன்னொரு தரம், இன்னொரு தப்பு, அதே இடத்தில் அதே கட்டை விரல், இந்தத் தடவை நகம். மூன்றாவது தரம் அவள் தப்பு செய்வதற்கு முன்பே கவனித்தாள், தன்னை இல்லை, அவனை. மூச்சு நின்றது. விலா அகன்றது. அப்புறம் விரல் அழுந்தியது. ஐயோ, அதே. அதே வரிசை, ஒரு எழுத்து மாறவில்லை, கருணாகரன் எங்கேயோ திருவண்ணாமலைப் பக்கம் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு இருக்கிறான் என்று கேள்வி, ஆனால் அவன் நெஞ்சு இங்கே இருக்கிறது, இவளுடைய நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, ஆஃப்டர்ஷேவ் போட்டுக்கொண்டு, வணிகவியல் நடத்திக்கொண்டு. தொண்டையில் பித்தளைச் சுவை, உதடு கிழிந்த நாள்களில் வருகிற அதே சுவை, இப்போது உதடு நன்றாகத்தான் இருக்கிறது. "சொன்னா கேக்கணும் மேடம்," என்றான் அவன் காதுக்குள், சிரித்துக்கொண்டே. "இவளுக்கும் இதேதான். ஆயிரம் தடவ சொல்லியாச்சு, மண்டையில ஏறாது. அதான் வீட்லயே தனியா கிளாஸ் எடுக்கறேன்." வீட்டிலேயே தனியாக. அவளுக்கு அந்த வீடு தெரிந்தது; போனதே இல்லை, ஆனால் தெரிந்தது; மேஜை நாற்காலியை ஓரம் தள்ளியிருப்பான், ஜன்னல் கதவைச் சாத்தியிருப்பான், டிவி சத்தத்தைக் கூட்டியிருப்பான், ஒன்று இரண்டு, ஒன்று இரண்டு, தப்பு, இங்கே வா, மறுபடி, தப்பு. அவன் காது மடலைக் கடித்துத் துப்பலாம் என்று தோன்றியது. பல்லுக்கு அரையங்குலத்தில் இருக்கிறது. கழுத்து நரம்பு துடிப்பது தெரிகிறது, அந்தத் துடிப்பின்மேல் கட்டை விரலை வைத்து அழுத்தினால் எத்தனை நேரத்தில் ஒரு ஆள் மடங்கி விழுவான் என்று அவளுக்குத் தோராயமாகத் தெரியும். இவ்வளவு அருகில் ஒரு அடிக்கிறவனைப் பிடித்துக்கொண்டு இருக்கிறோம், இரண்டு கையும் இருக்கிறது, பல் இருக்கிறது, என்ன செய்கிறோம்? ஆடுகிறோம். பின்னால் போகிறோம்.

குழவி ஞாபகம் வந்தது. வராமல் இருக்குமா? ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டுக் கருணாகரன் கூடத்தில் பாய் போட்டு மல்லாந்து தூங்கினான். அன்றைக்குக் காலையில் இவளுடைய இடது முன்கை எலும்பு விரிசல் விட்டிருந்தது, முகத்துக்குக் குறுக்கே கையைத் தூக்கினால் அந்த எலும்புதான் போகும், பின்னால் எத்தனையோ பெண்களுக்கு அந்த எலும்பை அவளே படம் எடுத்திருக்கிறாள், எல்லோரும் வழுக்கி விழுந்தவர்கள்தான், ஒருத்திகூட அடி வாங்கினவள் இல்லை. மூச்சை இழுத்துப் பிடிங்க என்பாள், பிடிப்பார்கள், இப்ப விடலாம் என்பாள், விடுவார்கள், அதற்கு மேல் அவளும் கேட்டதில்லை. அன்றைக்கு அம்மியிலிருந்து குழவியை ஒரு கையால் எடுத்து, மற்றக் கையை அடியில் முட்டுக் கொடுத்து, தூங்குகிறவன் தலைமாட்டில் போய் நின்றாள். நெற்றிப் பொட்டுக்கு நேரே பிடித்தாள். வாய் திறந்து கிடந்தது, ஒரு பல்லில் கறி நார் மாட்டியிருந்தது. விட்டால் போதும். போடக்கூட வேண்டாம், விட்டால் போதும், மற்றதைக் கல் பார்த்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது. கடைசியில் அதைக் கொண்டுபோய் அம்மிமேல் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, சர்டிபிகேட் இருந்த பையை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்தி, நடந்து பஸ் ஏறினாள். நல்ல காரியம்தான், ஜெயிலுக்குப் போகாமல் தப்பித்தாய் என்று எல்லோரும் சொன்னார்கள், அவளும் சொல்லிக்கொண்டாள். ஆனால் குழவியை வைத்தது உண்மையானால் அந்தக் கனம் எங்கே போயிற்று? கையில்தான் இருக்கிறது. சாம்பார் கரண்டியைப் பிடிக்கும்போது இருக்கிறது, எக்ஸ்ரே பலகையைத் தூக்கும்போது இருக்கிறது, ஏழு வருஷமாகப் போடாத கல். இரண்டாவது பாட்டு எப்போது முடிந்தது என்று அவள் கவனிக்கவில்லை.

மூன்றாவது ஆரம்பித்தபோது அவளுக்குள் ஏதோ அடங்கிவிட்டது. பயம் போய்விட்டதா என்றால் இல்லை, பயம் இருந்தது, ஆனால் சந்தேகம் போய்விட்டது, சந்தேகம் போனபிறகு பயத்துக்குக் கை கால் கட்டுப்பட்ட மாதிரி. கேட்க வேண்டிய கேள்விக்குப் பதில் கிடைத்தாயிற்று, பெண்டாட்டியிடம் கேட்க வேண்டியதைப் புருஷன் நெஞ்சே சொல்லிவிட்டது. இனி அவன் என்ன செய்வான் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியமில்லை. அவன் நடந்தான், அவள் போனாள். அவன் திராஸ்பியே கொடுத்தான், அவள் காத்திருந்தாள். காத்திருந்தாள்! கால் தானாகப் போய்த் தரையைத் தொட்டு, பாதி எடையோடு நின்று, அரைத் தாளத்தில் திரும்பி வந்தது, பவுடர் தூவிய சிவப்புத் தரையில் சத்தமே இல்லாமல். பதினாலு மாதமாக வராதது. "வலா! அதுதான்மா, அதுதான்!" என்று முசியே கை தட்டினார். தனசேகர், "பாத்தீங்களா, கண்டிச்சா வருது," என்றான். அவள் கேட்டுக்கொண்டாள். அந்த அரைத் தாளம் எவ்வளவு பெரியது என்று இப்போதுதான் தெரிகிறது, அதற்குள் ஒரு வீட்டைக் கட்டிக் குடிபோகலாம் போலிருக்கிறது, அவ்வளவு இடம் இருந்திருக்கிறது, இத்தனை நாள் அதைத் தாண்டித் தாண்டி ஓடியிருக்கிறோம். இன்னொரு விதமான திராஸ்பியே உண்டு, ஆண் பின்னால் சாய்வான், பெண் முன்னால் வருவாள். ஆட்டமெல்லாம் பின்னால் போகிறவள் முன்னால் வருவது அந்த ஒரு அடியில்தான். அவளுடைய கால் விழ வேண்டிய இடம் அவன் வலது பாதத்துக்குப் பக்கத்தில், ஒரு விரற்கடை தள்ளி. அவன் மெல்லிய துணி ஷூ போட்டிருந்தான். பாதத்தின் மேல்பக்கம் ஐந்து நீள எலும்பு, பென்சில் கனம்கூட இருக்காது, சதையே கிடையாது, தோலும் எலும்பும்தான். இரண்டாவதும் மூன்றாவதும் நடுவில் மெலிந்திருக்கும். வேண்டாம் தில்லை. எதற்கு வேண்டாம்? இத்தனை பேர் இருக்கிறார்கள். இருக்கட்டும். பாவம் இல்லையா? யார் பாவம்? பாட்டு முடியப் போகிறது, இன்னும் இரண்டு சுற்று, அந்தப் பெண் மடியில் சாவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இவன் அவளைக் கீழே இறக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் ஜன்னலைச் சாத்துவான். அவன் பின்னால் சாய்ந்தான். அவள் முன்னால் வந்தாள். காத்திருந்தாள், அவசரமே படவில்லை, அரைத் தாளம் முழுவதும் காத்திருந்து, மூன்றங்குலக் குதிகாலை எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்து, ஏழு வருஷக் கனத்தையும் சேர்த்து இறக்கினாள். தெரிந்துதான் இறக்கினாள். பாதி எடை இல்லை. உலர்ந்த முருங்கைக் குச்சி முறிகிற மாதிரி ஒன்று குதிகால் வழியாக ஏறி முழங்காலுக்கு வந்தது. ஒன்றல்ல, இரண்டு. கை இரண்டும் அப்போதுதான் காலியாயின.

அவன் அலறினான். அலறிக்கொண்டே அவன் மூச்சு நின்றது, விலா அகன்றது, வலது கை அவள் முதுகை விட்டு விரிந்து மேலே போயிற்று. அவள் நகரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஓங்கிய கைக்குக் கீழே முகத்தை வைத்துக்கொண்டு சும்மா நின்றாள், அடி, பார்க்கலாம் என்று நின்றாள். பாட்டு போய்க்கொண்டிருந்தது. எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கை அங்கேயே நின்றது, அப்புறம் தலைமயிரைக் கோதிக்கொண்டு கீழே வந்தது, சிரிப்புக்கூடப் பாதி திரும்பிவிட்டது, சாமர்த்தியக்காரன். ஆனால் யாரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லோரும் எதிர் நாற்காலியைப் பார்த்தார்கள். அங்கே, இருபதடி தூரத்தில், யாருமே கிட்டத்தில் இல்லாத இடத்தில், தமயந்தி இடது முன்கையைத் தன் முகத்துக்குக் குறுக்கே தூக்கிக்கொண்டு கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருந்தாள். மடியிலிருந்த செல்போன் கீழே விழுந்து சுழன்றுகொண்டிருந்தது. அவன் கையை ஓங்கி முடிக்கும் முன்பே அவள் தூக்கிவிட்டிருக்க வேண்டும். முந்திவிட்டாள். முசியே போய்ப் பாட்டை நிறுத்தினார், நிறுத்திவிட்டு அந்தப் பெட்டிமேலேயே கையை வைத்துக்கொண்டு தமயந்தியைப் பார்த்தார், தில்லையைப் பார்த்தார், மறுபடி தமயந்தியைப் பார்த்தார். இத்தனை நாள் புரியாத வியாதி எங்கிருந்து வருகிறது என்று அந்த வயசான சொல்தாவுக்கு அப்போது புரிந்ததை அவர் முகத்தில் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. தமயந்தி மெதுவாகக் கண்ணைத் திறந்தாள். எல்லோரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்தாள். கையை இறக்கி, சுடிதார்க் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, மேடம் தெரியாம மிதிச்சிட்டாங்க," என்றான் தனசேகர், ஒற்றைக் காலில் நொண்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு. முகம் வெளிறி வேர்த்திருந்தது. யாரோ ஐஸ் கொண்டுவர ஓடினார்கள். "தமா, சாவிய எடு. வீட்டுக்குப் போவோம். நீதான் ஓட்டணும்." சத்தமே போடாமல் சொன்னான். அந்தக் குரலைக் கேட்டபிறகுதான் தில்லைக்கு உறைத்தது. அடிப் பாவி, என்ன செய்துவிட்டாய்? உன் ஏழு வருஷக் கல்லை நீ போட்டுவிட்டாய், உனக்கு நிம்மதி, இந்த வலிக்கு இன்றைக்கு வீட்டில் யார் பதில் சொல்வது? ஊரார் பார்க்கக் கையை ஓங்கவைத்தாய், அந்த அவமானத்தை அவன் யாரிடம் போய் இறக்குவான்? இவளிடம்தானே, ஜன்னலைச் சாத்திவிட்டு? கால் உடைந்தால் என்ன, கை நன்றாகத்தானே இருக்கிறது? உன்னைக் கேட்டாளா அவள், எனக்காக மிதி என்று? அவள் ஓடிப்போய்த் தமயந்தியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போய்விட நினைத்தாள், உடம்பு கிளம்பியேவிட்டது, குதிகால் தரையை விட்டு எழுந்தாயிற்று. அப்புறம் நிறுத்தினாள். நாலு விரல் பதிந்த கையைத் தானும் பிடித்து இழுப்பதா? இரண்டு மாதமாக முசியே தில்லைக்கு ஆண் பக்கத்து அடிகளும் சொல்லித்தருகிறார், பெண்கள் அதிகம், ஆண்கள் குறைவு, யாராவது நடத்தத்தானே வேண்டும். கையால் தள்ளக் கூடாது, இழுக்கக் கூடாது, போக ஒரு இடத்தைக் காட்டிவிட்டு நிற்க வேண்டும் என்பதுதான் அதில் முதல் பாடம். தில்லை பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். இந்தத் தடவை ஒரு விரற்கடை தவறக் கூடாது. ஹாலின் இந்தக் கோடியிலிருந்து தமயந்தியை நேராகப் பார்த்தாள். தலையை அசைத்தாள். வாசலை ஒரு தரம் பார்த்தாள். மறுபடி அவளைப் பார்த்தாள்.

தமயந்தி எழுந்து நின்றாள். சாவி கையில் இருந்தது. "தமா," என்றான் அவன். அவள் கால் அவன் பக்கம் போயிற்று. பாதம் தரையைத் தொட்டது. தில்லை தினமும் முப்பது பேரிடம் சொல்வதைத் தனக்குச் சொல்லிக்கொண்டாள், மூச்சை இழுத்துப் பிடித்தாள், கிட்டே போகவில்லை, கை நீட்டவில்லை, கண்ணை மட்டும் எடுக்கவில்லை. அந்தப் பெண் ஒரு காலை முன்னால் வைத்தபடி அங்கேயே நின்றாள். அவளுடைய எடை இன்னும் பின்னங்காலில்தான் இருந்தது. பார்க்கத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். "காது கேக்கலியா? வா," என்றான் தனசேகர். வைத்த காலை அவள் திரும்ப எடுத்தாள். நேராக முசியேவிடம் போய்ச் சாவியையும் கைக்குட்டையையும் அவர் கையில் கொடுத்து, "இத அவர்கிட்ட குடுத்துடுங்க முசியே, ஆட்டோ வேணும்னா கூப்பிட்டு ஏத்திவிடுங்க," என்றாள். குரல் நடுங்கியது, ஆனால் வாக்கியத்தை முழுசாகச் சொன்னாள். தனசேகர் சுவரை விட்டு ஒரு அடி எடுத்து வைத்தான், வைத்த கால் மடங்கி அப்படியே தரையில் உட்கார்ந்தான். முசியே போய் அவனுக்கும் வாசலுக்கும் நடுவில் நின்றுகொண்டார், அறுபத்திரண்டு வயசிலும் அந்த முதுகு நேராகத்தான் இருந்தது.

படியில் தில்லை முன்னால் இறங்கினாள், ஆட்டத்துச் செருப்பைக் கழற்றக்கூட இல்லை. திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் இன்னொரு ஜோடிக் குதிகால் வருகிறதா என்று காது மட்டும் கேட்டது. பாதிப் படியில் அது நின்றது. இவளும் நின்றாள். "அக்கா," என்றாள் தமயந்தி, "அவருக்கு எலும்பு முறிஞ்சிருக்குமா?"

"ரெண்டு," என்றாள் தில்லை. "ஆறு வாரம் காலை ஊன முடியாது."

மேலே அவன் யாரிடமோ கத்துவது கேட்டது. தமயந்தி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உதட்டுக்குள் எதையோ எண்ணினாள். "எங்கம்மா வீட்டுக்குப் போயிடறேன், சர்டிபிகேட்டு, பாங்க் புக்கு, இதெல்லாம் எடுக்க ஒரு நாள் போதும்," என்றாள். பிறகு, "ஆறு வாரமா," என்று தனக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு, முழுக்கையை இரண்டு பக்கமும் முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டுக்கொண்டு இறங்கத் தொடங்கினாள். வெளியே வெயில் இன்னும் இருந்தது.